பழைய வண்டிக்கு ரிம் புதுப்பிக்கக் கொடுக்கும் முன் இதைப் படித்துவிடுங்கள்

பழைய ஜீப், பிக்கப் வைத்திருப்பவர்களுக்காக அவசரமாக எழுதுகிறேன். நேற்று மதியம்தான் விஷயம் தெரிந்தது, ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை. பைபாஸ் ஓரம் ஷெட் போட்டுக்கொண்டு, பழைய ரிம்மைப் புதுசாக்கித் தருகிறோம், சாண்ட் பிளாஸ்டிங் (மணலை வேகமாக அடித்துத் துருவையும் பழைய பெயின்ட்டையும் உரிப்பது), பவுடர் கோட்டிங் (பெயின்ட் பொடியை அடித்துச் சூட்டில் உருக்கி ஒட்ட வைப்பது) எல்லாம் ஒரே இடத்தில் என்று வீடியோ போட்டு ஆள் பிடிக்கும் கடை ஒன்று என்னிடம் 14,000 ரூபாய் வாங்கி ஏமாற்றிவிட்டது. பணம் போனது ஒரு பக்கம். விரிசல் விட்ட ரிம்மில் பட்டி வைத்து அடைத்து, மேலே பெயின்ட் அடித்து, புதுசு என்று என் கையில் கொடுத்திருக்கிறார்கள். அந்த ரிம்மோடு மனைவியையும் பையனையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு மலை ரோட்டில் போய் வந்திருக்கிறேன். அதுதான் தாங்க முடியவில்லை.

வண்டி அப்பா வாங்கியது. ஜீப் மூஞ்சி வைத்த மஹிந்திரா பிக்கப், பெஜோ டீசல் இன்ஜின், பொள்ளாச்சிப் பக்கம் தேங்காய் ஏற்றி உழைத்த வண்டி. 16 இன்ச் ரிம், ஐந்து போல்ட், போல்ட் வட்டம் (போல்ட்டுகள் நிற்கும் வட்டத்தின் குறுக்களவு) ஐந்தரை இன்ச், அதாவது 139.7 மில்லிமீட்டர். வில்லிஸ் ஜீப் காலத்திலிருந்து வரும் அளவு அது. மாருதி ஜிப்சிக்கும் அதே வட்டம்தான், ஆனால் ரிம் 15 இன்ச். அலாய் போடச் சொல்லி நிறையப் பேர் சொன்னார்கள். எனக்கு மனசு வரவில்லை. அந்த வண்டிக்கு ஸ்டீல் ரிம்தான் லட்சணம், நல்ல இரும்பாக இருந்தால் குறைந்த செலவில் மறுபடி ஒரு ஆயுள் ஓட்டலாம். இப்போதும் அதைத்தான் சொல்வேன்.

முறையாகச் செய்தால் வேலை என்னவென்றால், டயரைக் கழற்றி, ரிம்மை வெள்ளை இரும்பு தெரியும் வரை பிளாஸ்டிங் அடிக்க வேண்டும். அப்போதுதான் நட்டு ஓட்டைகளைச் சுற்றி விரிசல் இருக்கிறதா, ஓட்டை முட்டையாக இழுத்திருக்கிறதா என்று கண்ணுக்குத் தெரியும். அப்புறம் பெண்டு எடுப்பது. பிளாஸ்டிங் ஆன இரும்பு காற்றுப் பட்டாலே துருப் பிடிக்கும் என்பதால் அன்றைக்கே கோட்டிங் ஏற வேண்டும். பவுடர் அடித்து 180, 200 டிகிரி சூட்டில் ஓவனில் வேக வைப்பார்கள். நட்டு உட்காரும் கோனிலும் (கூம்பு மாதிரிக் குழி) ஹப்போடு, அதாவது சக்கரம் மாட்டும் நடுப்பாகத்தோடு, ஒட்டும் முகத்திலும் கோட்டிங் தடிமனாக இருக்கவே கூடாது. அது நசுங்கினால் நட்டின் பிடி தளர்ந்துவிடும்.

இதையெல்லாம் எனக்கு விளக்கிச் சொன்னதே அந்தக் கடைக்காரர்தான்! நான் போனபோது என் ரிம் ஒன்றைத் தரையில் நிமிர்த்தி வைத்து, சின்னச் சுத்தியலால் நட்டு ஓட்டையைச் சுற்றி ஒவ்வொரு இடமாகத் தட்டிக் காட்டினார். “சத்தத்தைக் கேளுங்ணா, கணீர்னு இருக்குது பாருங்க. கிராக் இருந்தா டொப்புனு கேக்கும்” என்றார். அடுத்ததைத் தட்டினார், குனிந்து காதை வைத்துக் கேட்டார். ஒன்றை மட்டும் தனியாக எடுத்து வைத்து, “இதுல பெண்டு ஜாஸ்திங்ணா, 1,500 சேத்துக் குடுத்துருங்க” என்றார். “குடும்பம் போற வண்டி, ரிம்முல நாங்க விளையாட மாட்டோம்” என்று அவராகவே சொன்னார். ஓவனைத் திறந்து உள்ளே தொங்கிய யாருடைய ரிம்மையோ காட்டினார். இவ்வளவு அக்கறையாகப் பேசுகிற மனுசனை யார் சந்தேகப்படுவார்கள்? ஸ்டெப்னியோடு சேர்த்து ஐந்து ரிம், ஒன்றுக்கு 2,500, பெண்டுக்கு 1,500. மொத்தம் 14,000. பாதியை அங்கேயே ஜிபே பண்ணினேன், மீதியை ரிம் எடுக்கும்போது கொடுத்தேன். பில் கேட்டதற்குத் துண்டுச் சீட்டில் “வீல் 5” என்று எழுதிக் கொடுத்தார்.

ரிம் வந்தபோது பளபளவென்றுதான் இருந்தது. ஓட ஆரம்பித்த பிறகு முன்பக்க வலது சக்கரத்தில் நட்டு தளர்ந்துகொண்டே இருந்தது, முறுக்கி விட்டால் மறுபடியும் தளர்ந்தது. வளைவில் டிக் டிக் என்று ஒரு சத்தம். காற்றும் இறங்கியது.

நேற்று பஞ்சர் கடையில் டயரைக் கழற்றிய தம்பி, “அண்ணா, இங்க வந்து பாருங்க” என்று கூப்பிட்டார். ரிம்மின் உள்பக்கம் முழுக்கத் துரு. துருச் செதில் மேலேயே பெயின்ட் அடித்திருக்கிறார்கள், அது உரிந்து டியூபை அரித்திருக்கிறது. அவர் ஸ்க்ரூ டிரைவர் முனையால் நட்டு ஓட்டைக்குப் பக்கத்தில் லேசாக நெம்பினார். பட்டி ஒரு துண்டாகப் பெயர்ந்து விழுந்தது. அதற்கு அடியில் கோடு மாதிரி விரிசல், நட்டு ஓட்டையில் தொடங்கி ஒரு விரல் நீளம். மண்ணெண்ணெய் தடவித் துடைத்துவிட்டு, சாக்பீஸ் பொடியைத் தூவினார். வெள்ளைப் பொடியில் ஈரக்கோடு மெதுவாக ஊறி மேலே வந்தது, பக்கத்து ஓட்டையிலும் ஒன்று. “இன்னும் கொஞ்ச நாள் ஓட்டியிருந்தா சக்கரம் தனியா ஓடியிருக்கும்ணா” என்றார்.

வீட்டுக்கு வந்து மற்ற ரிம்களைத் தின்னர் நனைத்த துணியால் துடைத்தேன். சில்வர் அப்படியே கரைந்து துணியில் வந்துவிட்டது. ஓவனில் வெந்த பவுடர் கோட்டிங் இப்படிக் கரையாது. அடியில் என்ன இருந்தது தெரியுமா? அப்பா அந்தக் காலத்தில் அடித்த சந்தனக் கலர் பெயின்ட். பிளாஸ்டிங்கே நடக்கவில்லை! 14,000 ரூபாய்க்கு ஸ்ப்ரே பெயின்ட்டும் பட்டியும்.

கடைக்குப் போன் போட்டேன். முதலில் “ஆள் ஊருக்குப் போயிருக்கானுங்ணா, வந்ததும் கேக்கறேன்”. அப்புறம் “நீங்க ஓவர் லோடு ஏத்தியிருப்பீங்க”. அப்புறம் “கேரண்டி கோட்டிங்குக்குத்தானுங்க, ரிம்முக்கு இல்ல”. விரிசல் போட்டோ அனுப்பினேன், ப்ளூ டிக் விழுந்தது, பதில் இல்லை. மறுபடி கூப்பிட்டால், “இடப்பக்கம் லெஃப்ட் திரெட்டுங்ணா, நீங்க மாத்தி முறுக்கியிருப்பீங்க” என்கிறார். என் வண்டியில் இடப்பக்கச் சக்கரத்து நட்டுகள் எதிர்மரைதான் (வழக்கத்துக்கு எதிர்த்திசையில் முறுக்க வேண்டியவை), வில்லிஸ் காலத்துப் பழக்கம். ஆனால் தளர்ந்ததும் விரிசல் விட்டதும் வலப்பக்கம், அங்கே சாதாரண மரை. அதைச் சொன்னதும் “பில் இருக்குதுங்களா?” என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டார். இப்போது என் நம்பரை பிளாக் செய்துவிட்டார்கள். காதை வைத்துச் சத்தம் கேட்ட அதே மனுசன்தான். 14,000 ரூபாயை வாங்கிக்கொண்டு, விரிசலைக் கையால் தடவி மூடியவருக்கு அந்த வண்டியில் குடும்பம் போகும் என்று நன்றாகவே தெரியும்.

என்னென்ன பார்க்க வேண்டும் என்று விவரமாக எழுதத்தான் நினைத்தேன், இப்போது பொறுமை இல்லை. பிளாஸ்டிங் முடிந்து கோட்டிங் ஏறும் முன் நேரில் போய் ஐந்து ரிம்மையும் வெறும் இரும்பாகப் பாருங்கள், வர வேண்டாம் என்று சொன்னால் அந்தக் கடையே வேண்டாம். ரிம்மில் பட்டி எங்கேயும் வைக்கக் கூடாது. நட்டு ஓட்டை விரிசலுக்கு வெல்டிங் போட்டுத் தருகிறேன் என்றாலும் ஒத்துக்கொள்ளாதீர்கள், அந்த ரிம்மை எடைக்குப் போடுங்கள். எடுக்கும்போது உள்பக்கம் ஒரு மூலையில் தின்னர் துணி வைத்துத் தேய்த்துப் பாருங்கள். மாட்டிய பிறகு கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டு நட்டை மறுபடி முறுக்குங்கள். என்னென்ன வேலை என்று எழுதிய பில் இல்லாமல் மீதிப் பணத்தைக் கொடுக்காதீர்கள்.

நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் பதிந்துவிட்டேன். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் ஐந்து லட்சம் வரை கட்டணம் கிடையாது, ஜிபே ரசீது, போட்டோ, அந்தத் துண்டுச் சீட்டு எல்லாவற்றையும் வைத்து அங்கேயும் போடப் போகிறேன். வண்டி மரக்கட்டை மேல் நிற்கிறது. விரிசல் இல்லாத 16 இன்ச் ஐந்து ஓட்டை ஜீப் ரிம் யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள், நேரில் வந்து சாக்பீஸ் பொடி போட்டுப் பார்த்துவிட்டுத்தான் வாங்குவேன்.