இரண்டாம் வகுப்பில் ஓராண்டு: உடல்நலம், பாதுகாப்பு, பழகும் திறன் கற்றுத்தரும் அட்டைப் பெட்டி எப்படி இருக்கிறது?

பெட்டியைத் திறந்ததும் முதலில் கையில் எடுத்தது மணல் கடிகையைத்தான். கை கழுவுவதற்கான 20 விநாடிக் கடிகை என்று மூடியிலேயே அச்சடித்திருந்தார்கள். கைபேசியில் நேரம் வைத்துப் பார்த்தேன். 14 விநாடியில் மணல் முழுவதும் இறங்கிவிட்டது. திருப்பி வைத்தேன், மறுபடியும் 14. சோப்புப் போட்டு 20 விநாடி தேய்க்க வேண்டும் என்று கற்றுத்தரும் பொருளே பிள்ளைகளை ஆறு விநாடி முன்னதாகக் கையை எடுக்க வைக்கிறது. தயாரிப்பாளருக்கு எழுதினேன், பதில் வரவில்லை.

அப்படியும் இந்த ஆண்டுக்கு இன்னொரு பெட்டி வாங்கச் சொல்லித் தலைமை ஆசிரியரிடம் கேட்டிருக்கிறேன். ஏன் என்றும், எந்தெந்த அட்டையைத் தூக்கி வைத்துவிட்டேன் என்றும் எழுதினால் ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரை எடுக்கிறவர்களுக்கு உதவும். பெயர் சொல்லப்போவதில்லை. இதே மாதிரிப் பெட்டிகள் நிறைய வருகின்றன. குறைகளும் ஏறக்குறைய ஒன்றேதான்.

உள்ளே இருப்பவை: மூன்று நிறங்களில் 60 பட அட்டைகள், ஒரு துணிக் கைப்பாவை, சாலை அச்சிட்ட தரைவிரிப்பு, முகங்கள் வரைந்த ஒரு சுழல் தட்டு, அந்தக் கடிகை, ‘என் ஐந்து விரல்கள்’ என்ற தாள் 25, ஆசிரியர் கையேடு. என் வகுப்பில் 31 பேர். வாரத்தில் இரண்டு பாடவேளை, ஓராண்டு முழுக்கப் பயன்படுத்தினேன்.

அட்டைகளில் இரண்டு வகை. ஒன்று, படத்தைக் காட்டி “இது சரியா, தப்பா?” என்று கேட்பது. மற்றது, எழுந்து செய்து பார்க்கச் சொல்வது. முதல் வகையில் என் பிள்ளைகள் எல்லோரும் நூற்றுக்கு நூறு. சாப்பிடும் முன் கை கழுவ வேண்டுமா என்று கேட்டால் 31 கையும் மேலே போகும். மணியடித்ததும் குழாயைப் பார்க்காமலே ஓடுவார்கள். இரண்டாம் வகை அட்டைகளுக்காகத்தான் இந்தப் பெட்டிக்கு மதிப்பு.

கை கழுவும் பயிற்சியையே எடுத்துக்கொள்ளுங்கள். கையில் கொஞ்சம் வண்ணக் கூழை ஊற்றி, கண்ணை மூடிக்கொண்டு ‘சோப்புப் போடுகிற மாதிரி’ தேய்க்கச் சொல்கிறது அட்டை. பிறகு கண்ணைத் திறந்து பார்க்க வேண்டும். உள்ளங்கை முழுக்க நீலம். கட்டைவிரலில் ஒன்றுமில்லை. விரலிடுக்கில் இல்லை, நகத்தைச் சுற்றி இல்லை, புறங்கை பாதிதான். “டீச்சர், என் கட்டைவிரல் குளிக்கவே இல்ல” என்றாள் ஒருத்தி. அன்றிலிருந்து எங்கள் வகுப்பில் ‘கட்டைவிரல் குளிச்சாச்சா?’ என்பதுதான் கேள்வி. கடிகைக்குப் பதிலாக நிதானமாக ஒன்றிலிருந்து இருபதுவரை எண்ணுகிறோம்.

தீ பற்றிய மூன்று அட்டைகளும் அருமை. பாடத்தைத் தொடங்கும் முன் “வீட்டில் தீப்பிடித்தால் என்ன செய்வாய்?” என்று ஒவ்வொருவரையும் கேட்டேன். பதினோரு பேர் ஒளிந்துகொள்வேன் என்றார்கள். கட்டிலுக்கு அடியில், அலமாரிக்குள், போர்வைக்குள். சின்னப் பிள்ளைகள் தீக்குப் பயந்து உண்மையாகவே அப்படி ஒளிந்துகொள்வதுண்டு. மீட்க வருகிறவர்களுக்கு அவர்களைக் கண்டுபிடிப்பதும் கடினமாகிவிடும். அட்டை என்ன செய்யச் சொல்கிறது என்றால், இரண்டு பேர் ஒரு போர்வையை இடுப்புயரத்தில் விரித்துப் பிடிக்க வேண்டும். அதுதான் புகை. புகை சூடாக மேலே நிற்கும், சுவாசிக்கத் தக்க காற்று தரையை ஒட்டி இருக்கும் என்பதால் மற்றவர்கள் போர்வை முதுகில் படாமல் தவழ்ந்து கதவுவரை போக வேண்டும். வெளியே போனபின் பொம்மை, பை எதற்காகவும் திரும்பி வரக் கூடாது. உடையில் தீப்பற்றினால் ஓடாமல் நின்று, படுத்து, கையால் முகத்தை மூடிக்கொண்டு உருள்வதையும் செய்து பார்த்தோம். மூன்று மாதம் கழித்து, முன்னறிவிப்பு இல்லாமல் போர்வையை எடுத்து விரித்தேன். நான் ஒரு சொல்லும் சொல்லுமுன் 31 பேரும் தரையில்.

ஆனால் இதே பகுதியில் தீப்புண் அட்டை தவறு. சுட்ட இடத்தில் ஐஸ் கட்டி வைப்பதுபோலப் படம் போட்டிருக்கிறார்கள். ஐஸ் தோலை இன்னும் கெடுக்கும். குழாயைத் திறந்துவிட்டு ஓடும் தண்ணீரில் 20 நிமிடம் காட்ட வேண்டும் என்பதே முதலுதவி கற்றுத்தருகிறவர்கள் சொல்வது. பற்பசையோ வேறு எதுவுமோ தடவக் கூடாது. அந்த அட்டைமேல் வெள்ளைத்தாள் ஒட்டி நானே குழாய் வரைந்தேன். மூக்கில் ரத்தம் வரும் அட்டை சரியாகவே இருக்கிறது: தலையை முன்பக்கம் சாய்த்து, மூக்கின் மென்மையான பகுதியை விடாமல் பத்து நிமிடமாவது பிடித்திருப்பது. ஒருநாள் விளையாட்டு வேளையில் ஒருவனுக்கு ரத்தம் கொட்ட, பெரிய வகுப்பு மாணவன் வந்து தலையை அண்ணாந்து பிடிக்கச் சொல்ல, என் வகுப்புப் பெண் குறுக்கே நின்று “குனியணும், ரத்தம் தொண்டைக்குள்ள போயிடும்” என்று அவன் பிடரியில் கை வைத்துக் குனிய வைத்திருக்கிறாள். நான் போய்ச் சேர்ந்தபோது அவள் எண்ணிக்கொண்டிருந்தாள்.

சாலை விரிப்பு அழகாக இருக்கிறது, பாதிதான் பயன்படுகிறது. விரிப்பில் நிறுத்தி வைத்த வண்டி ஒன்றுகூட இல்லை. நின்றிருக்கும் வண்டிகளுக்கு நடுவிலிருந்து திடீரென வெளியே வரும்போது பிள்ளைகள் அடிபடுவதுண்டு. ஓட்டுகிறவருக்கும் அவர்கள் தெரிவதில்லை. இரண்டு காலணிப் பெட்டிகளை விரிப்பில் வைத்து நானே சரிக்கட்டினேன். கையேடோ ‘இருபுறமும் பார்த்துத் தனியாகக் கடக்கப் பழக்குங்கள்’ என்கிறது. இதை நான் ஏற்கவில்லை. ஆறேழு வயதில், வருகிற வண்டி எவ்வளவு வேகத்தில் வருகிறது என்று கணிக்கும் திறன் இன்னும் முதிர்ந்திருக்காது. அந்த வயதில் எத்தனை தடவை பார்த்தாலும் கூடவே ஒரு பெரியவரின் கை வேண்டும். பெற்றோர் கூட்டத்தில் இதைத் தனியாகச் சொன்னேன்.

நான் முழுவதுமாக எடுத்து வைத்தது ‘அந்நியர்’ அட்டைகள் நான்கையும். கறுப்புக் கண்ணாடி, தாடி, நீண்ட அங்கி. அந்த அட்டைகளைக் காட்டிய வாரத்தில் அந்நியரை வரையச் சொன்னேன். எல்லோரும் தாடிதான் வரைந்தார்கள். “இவரை எனக்குத் தெரியும்னா இவர் அந்நியர் இல்லதானே டீச்சர்?” என்று ஒருவன் கேட்டான். பதில் சொல்லிவிட்டு வகுப்பை முடித்தேன், ஆனால் அன்று இரவு தூக்கம் வரவில்லை. பிள்ளைகளுக்குத் தீங்கு செய்கிறவர்களில் பெரும்பாலோர் அந்தப் பிள்ளைக்கு ஏற்கெனவே தெரிந்தவர்கள். அட்டை காட்டுவதோ நேர் எதிரானது. அதோடு, கூட்டத்தில் தொலைந்துபோன பிள்ளை யாரோ ஒரு தெரியாதவரிடம்தான் உதவி கேட்டாக வேண்டும். எல்லா அந்நியரும் ஆபத்து என்று கற்றுக்கொடுத்துவிட்டால் அது வாய் திறக்காது. இப்போது முகத்தை விட்டுவிட்டு நடத்தையைப் பார்க்கச் சொல்கிறேன். ‘அம்மாகிட்ட சொல்லாதே’ என்கிற பெரியவர், ‘வழி காட்டு, கூட வா’ என்று சின்னப் பிள்ளையிடம் உதவி கேட்கிற பெரியவர் என்றால் யாராக இருந்தாலும் விலகி ஓடி வந்து சொல்ல வேண்டும். தொலைந்துபோனால் குழந்தையோடு நிற்கும் ஓர் அம்மாவிடமோ கடைக் கல்லாவில் இருப்பவரிடமோ போக வேண்டும். இதையும் கைப்பாவையை வைத்து நடித்தே பழகினோம்.

தொடுதல் அட்டைகளில் தயாரிப்பாளர்கள் நன்றாக யோசித்திருக்கிறார்கள். ‘நல்ல தொடுதல், கெட்ட தொடுதல்’ என்று பிரிக்காமல் ‘பாதுகாப்பான, பாதுகாப்பற்ற’ என்று பிரித்திருக்கிறார்கள். தடுப்பூசி வலிக்கும், ஆனால் பாதுகாப்பானது. வலிக்காத ஒரு தொடுதல் பாதுகாப்பற்றதாக இருக்கலாம். ‘கெட்டது என்றால் வலிக்கும்’ என்று நினைக்கிற பிள்ளைக்கு இந்த வேறுபாடு முக்கியம். குறை என்னவென்றால், உடலுறுப்புகளின் பெயர் வருமிடத்தில் ‘அந்த இடம்’ என்று எழுதிவிட்டார்கள். பெயர் தெரியாத ஒன்றைப் பற்றிப் பிள்ளை எப்படி வந்து சொல்லும்? பெற்றோரிடம் முன்கூட்டியே பேசி, சரியான பெயர்களையே கற்றுக்கொடுத்தேன். “இதெல்லாம் சொன்னால் பிள்ளை பயந்துவிடாதா?” என்று இரண்டு அப்பாக்கள் கேட்டார்கள், நியாயமான கேள்விதான். உடல்நல ஆய்வுகளைச் சேர்த்து மதிப்பிடும் காக்ரேன் என்ற அமைப்பு 2015-இல் வெளியிட்ட ஆய்வுத் தொகுப்பு, பாலியல் தீங்கிலிருந்து காத்துக்கொள்ளக் கற்றுத்தரும் பாடங்களைப் பற்றிப் பள்ளிகளில் நடந்த 24 சோதனைகளைச் சேர்த்துப் பார்த்தது. பிள்ளைகளின் அறிவும் தற்காப்புத் திறனும் கூடியிருந்தன. பயம் கூடியதற்குச் சான்று கிடைக்கவில்லை. அதைச் சொன்னேன். பாடம் நடக்கும்போது வந்து உட்காரவும் அழைத்தேன், ஒருவர் வந்தார்.

பழகும் திறன் பகுதிதான் பெரிய ஏமாற்றம். உலக சுகாதார நிறுவனம் 1990-களில் தொகுத்த பத்து வாழ்க்கைத் திறன்களைக் கையேடு வரிசையாகப் போட்டிருக்கிறது, அதோடு சரி. அட்டைகள் வேறு மொழியிலிருந்து பெயர்த்தவை என்பது முதல் வரியிலேயே தெரியும். ‘நான் கோபமாக உணர்கிறேன், ஏனெனில் நீ என் பொருளை எடுத்தாய்’ என்று சொல்லிப் பழகச் சொல்கிறார்கள். எந்தப் பிள்ளை இப்படிப் பேசும்? நம் பேச்சில் கோபத்தை யாரும் உணர்வதில்லை, கோபம் வரும். “நீ பென்சிலப் பிடுங்குனப்ப எனக்குக் கோபம் வந்துச்சு. கேட்டா தருவேன்” என்று மாற்றி எழுதிக் கரும்பலகையில் வைத்தேன். இரண்டே வாரத்தில் அது விளையாட்டிடத்தில் காதில் விழுந்தது. சுழல் தட்டில் ஆறு முகங்கள். ஏக்கம் இல்லை, கூச்சம் இல்லை, எரிச்சல் இல்லை. அப்பா வெளியூர் போனதும் ஒரு பிள்ளைக்கு வருவது வருத்தம் மட்டுமல்ல, அதற்கு ஏக்கம் என்று பெயர் இருக்கிறது. மூன்று முகங்கள் வரைந்து ஒட்டினேன்.

கைப்பாவை மட்டும் தங்கம். அது எப்போதும் தப்புச் செய்யும், பிள்ளைகள் திருத்துவார்கள். ஜூனிலிருந்து வகுப்பில் வாயே திறக்காத ஒரு பெண், ஆகஸ்டில் பாவையின் காதில்தான் முதலில் பேசினாள். மூன்றாம் மாதம் கழுத்துத் தையல் விட்டுப்போனது, தைத்துக்கொண்டேன்.

கடைசியாக, ‘என் ஐந்து விரல்கள்’ தாள். கையை வரைந்து, மனதை அழுத்துகிற எதையும் போய்ச் சொல்லக்கூடிய ஐந்து பெரியவர்களின் பெயரை விரலுக்கு ஒன்றாக எழுத வேண்டும். கூடவே வரும் அட்டை ரகசியத்தையும் திடீர்ப் பரிசையும் பிரித்துக் காட்டுகிறது: பிறந்தநாள் பரிசு ஒருநாள் எல்லோருக்கும் தெரிந்துவிடும், யாருக்கும் எப்போதுமே சொல்லாதே என்கிற ரகசியத்தை உடனே சொல்லிவிட வேண்டும். முதல் விரல் கேட்கவில்லை என்றால் அடுத்த விரலிடம் போக வேண்டும். பெட்டி முழுவதிலும் இதுதான் சிறந்தது. இரண்டு பெயரை எழுதிவிட்டு ஒருவன் பென்சிலைக் கடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தான். மீதி விரல்கள் காலியாகவே இருக்கட்டும், பிறகு எழுதலாம் என்றேன். கையேட்டில் இப்படிப்பட்ட பிள்ளைக்கு என்ன சொல்வது என்று ஒரு வரியாவது இருந்திருக்க வேண்டும். பிப்ரவரியில் அவன் மேசைக்கு வந்து தன் தாளைக் கேட்டான். மூன்றாவது விரலில் நூலக டீச்சர் பெயரை எழுதினான். எழுத்தைச் சரிபார்க்கச் சொல்லிவிட்டுப் போனான்.

தாள் 25 மட்டுமே தருகிறார்கள். தொடங்கும் முன்பே நகல் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.