அப்பர் ஆண்டிலோப்பா, லோயரா?

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் பேஜ் நகரை ஒட்டி, நவஹோ பழங்குடி மக்களின் நிலத்தில் அப்பர் ஆண்டிலோப், லோயர் ஆண்டிலோப் என்று இரண்டு மணற்பாறை இடுக்குகள். இரண்டிலும் வழிகாட்டி இல்லாமல் நுழைய முடியாது. கேமராவை நிறுத்தும் முக்காலியான ட்ரைபாடுக்கும் அனுமதி இல்லை.

மேலிருந்து ஒளித்தூண் விழும் அந்தப் பிரபலமான படம் அப்பரில் எடுத்தது. அங்கே அடிப்பகுதி அகலம், மேல்வாய் குறுகல். அதனால் கோடையில் உச்சிவேளை வெயில் மட்டும் கம்பியாக இறங்கும். ஆனால் உள்ளே இருட்டு. கேமராவைக் கையில் பிடித்தே எடுக்க வேண்டும் என்பதால் ஐஎஸ்ஓவை, அதாவது கேமராவின் ஒளியுணர்வு அளவை, 1600 வரை ஏற்ற நேரிடும். அதற்குள் பின்னால் அடுத்த கூட்டம் வந்து நிற்கும். டிக்கெட்டும் பெரும்பாலும் லோயரைவிட விலை அதிகம்.

லோயரில் மேல்வாய் அகலம், கீழே குறுகல். வெளிச்சம் தாராளம், துறுதுறுவென ஓடும் பிள்ளையின் முகமும் கலங்காமல் விழும். செங்குத்தான இரும்பு ஏணிகள்தான் சிக்கல். முட்டிவலி உள்ள பாட்டியோ கைக்குழந்தையோ உடன் வந்தால் அப்பரே மேல். மற்றபடி என் ஓட்டு லோயருக்குத்தான். ஒளித்தூண் படம் ஏற்கெனவே ஆயிரம் பேரிடம் இருக்கிறது!

எங்கே போனாலும் கேமராவில் நிறச் சாயலைச் சரிசெய்யும் ஒயிட் பேலன்ஸை ஆட்டோவில் விடாதீர்கள். பாறையின் செம்மஞ்சள் வெளுத்துவிடும். அதில் 'மேகமூட்டம்' (Cloudy) வைத்தால் நிறம் நிற்கும். மணல் கொட்டிக்கொண்டே இருக்கும், உள்ளே லென்ஸைக் கழற்றாதீர்கள். கோடையில் நவஹோ நிலத்தின் கடிகாரம் பேஜைவிட ஒரு மணி நேரம் முன்னால் ஓடும். டூர் நேரமோ பேஜ் கணக்குப்படிதான்.