ய், வ், ழ் அளக்க ப்ராட் போதுமா?

ய், வ் இரண்டும் உயிரைப் போல வாய் அடைபடாமல் ஒலிக்கும். ஆனால் மெய்யைப் போல அசையின் ஓரத்தில்தான் நிற்கும். இந்த அரையுயிர்கள் எங்கே தொடங்கி எங்கே முடிகின்றன என்று கோடு கிழிக்க முடியாது. அதனாலேயே ஓர் ஒலியாய்வு மென்பொருளைச் சோதிக்க இவற்றைவிட நல்ல வினாத்தாள் கிடையாது. ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்தின் பால் போர்ஸ்மாவும் டேவிட் வேனிங்க்கும் உருவாக்கிய ப்ராட் அதில் தேறிவிடுகிறது. ஆனால் நிறுவியபடியே பயன்படுத்தினால் தேறாது.

விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும், கட்டணமில்லை. திறந்ததும் ஆப்ஜெக்ட்ஸ், பிக்சர் என்று இரண்டு ஜன்னல்கள் வரும். பிக்சர் ஜன்னலை மூடிவிடலாம். 'நியூ' மெனுவில் மோனோ பதிவு, 44100 ஹெர்ட்ஸ். 'மணியழகு', 'திருவருள்' இரண்டையும் பதிவு செய்து 'வியூ அண்ட் எடிட்' கொடுங்கள். இகரத்துக்குப் பின் யகரமும் உகரத்துக்குப் பின் வகரமும் உடம்படுமெய்யாக வரும் என்ற இலக்கண விதி சிவப்புப் புள்ளிகளாகத் திரையில் தெரியும். அந்தப் புள்ளிகள் காட்டுவது ஃபார்மன்ட்களை, அதாவது வாயறையின் வடிவத்தால் வலுப்பெறும் அதிர்வெண்களை; கீழிருந்து மேலாக எண்ண வேண்டும். 'மணிய' என்ற இடத்தில் இரண்டாவது ஃபார்மன்ட், ஆண் குரலில் 2000 ஹெர்ட்ஸை ஒட்டியோ அதற்கு மேலோ நின்று, அகரத்துக்குச் சரிந்து இறங்கும். இகரம் எங்கே முடிந்தது என்று தேடிப் பயனில்லை. சரிவின் நடுப்புள்ளியை எல்லையாகக் கொண்டு, எல்லாச் சொற்களுக்கும் அதே விதியைப் பின்பற்றுவதுதான் வழி. வகரத்துக்கு ஒலிச்செறிவுக் கோட்டில் விழும் பள்ளம் உதவும்.

இனி குறைகள். ஃபார்மன்ட் உச்சவரம்பு, அதாவது ப்ராட் ஃபார்மன்ட்களைத் தேடும் மேல் எல்லை, 5500 ஹெர்ட்ஸ் என்று அமைந்திருக்கிறது. அது பெண் குரலுக்கானது. ஆண் குரலுக்கு 5000 ஆக்க வேண்டும். சிறு குழந்தைக்கு 8000 வரை போகலாம். இதை மாற்றாமல் ஆண் குரலை அளந்தால், உகரமும் வகரமும் வரும் இடத்தில் நெருங்கி நிற்கும் முதல் இரண்டு ஃபார்மன்ட்களையும் ப்ராட் ஒன்றாக ஒட்டிவிடும். பிறகு மூன்றாவதையே 'இரண்டாவது' என்று காட்டும். 800 இருக்க வேண்டிய இடத்தில் 2300 வந்தால் குரலைச் சந்தேகிக்காதீர்கள். புள்ளிகள் பின்னாலுள்ள ஒலிப்படத்தின் (ஸ்பெக்ட்ரோகிராம்) கரும்பட்டைமீது உட்கார்ந்திருக்கின்றனவா என்று கண்ணால் பாருங்கள்.

அடுத்த பொறி எஃப்2 விசை. கர்சர் ஒரு புள்ளியில் இருந்தால் அந்தக் கணத்தின் இரண்டாவது ஃபார்மன்ட் அளவைத் தரும். ஒரு பகுதியைத் தேர்வு செய்திருந்தால் அதன் சராசரியைத் தரும். அரையுயிரின் அடையாளமே நகர்வுதான். சராசரி அதை அழித்துவிடும். தொடக்கம், நடு, முடிவு என மூன்று இடங்களிலாவது தனித்தனியாக அளக்க வேண்டும்.

ழகரத்துக்கு ப்ராட் அருமையான கருவி. மூன்றாவது ஃபார்மன்ட் இரண்டாவதை நோக்கி இறங்குவது பளிச்சென்று தெரியும். ளகரத்தில் அவ்வளவு இறங்காது. உச்சரிப்புப் பயிற்சி தருபவர்களுக்கு இது ஒன்றுக்காகவே நிறுவலாம். ரகரத்தில்தான் சறுக்கல். நாக்கு ஒரு தட்டுத் தட்டிவிட்டு விலக 20, 30 மில்லிநொடிதான் ஆகும். ப்ராட்டின் பகுப்பாய்வுச் சாளரம், அதாவது ஒரு நேரத்தில் அது எடுத்து அளக்கும் ஒலித்துண்டு, 25 மில்லிநொடி என்று எழுதியிருந்தாலும் உண்மையில் அதன் இரு மடங்கு நீளம். தட்டு அதற்குள் மங்கிப்போகும். அங்கே புள்ளிகளை விட்டுவிட்டு அலைவடிவத்தைப் பாருங்கள்.

இன்னொன்று: மூடும்போது ஆப்ஜெக்ட்ஸ் பட்டியல் தானாகச் சேமிக்கப்படாது. ஒலிக்கோப்பும், எல்லைகள் குறித்த டெக்ஸ்ட்கிரிட் கோப்பும் வேறு வேறு. இரண்டையும் தனித்தனியே சேமிக்க வேண்டும்.