நேபாளக் காப்பகத்துக்கு மிஷன் ட்ரிப் போகிறீர்களா? எங்கள் 1,84,000 ரூபாய் போன வழி இது

சூடு ஆறுவதற்குள் எழுதிவிடுகிறோம். சபை வாலிபர் கூட்டத்திலிருந்து 8 பேர், தலைக்கு 23,000 ரூபாய், ஆக 1,84,000 ரூபாய். மிஷன் ட்ரிப் ஏற்பாடு செய்து தருகிற ஓர் ஆன்லைன் தளத்துக்குக் கட்டினோம். காத்மாண்டுவில் 22 அநாதைக் குழந்தைகள் உள்ள காப்பகத்தில் 14 நாள் ஊழியம் என்றார்கள். ஐந்தாம் நாளே திரும்பிவிட்டோம். தளத்தின் பெயரைப் போடவில்லை, புகார் போயிருக்கிறது. இந்த அச்சில் வார்த்தவை இன்னும் நிறைய இருக்கின்றன, பெயரைவிட அச்சைத் தெரிந்துகொள்வதுதான் உபயோகம். கடைசியில் கேட்க வேண்டிய கேள்விகளின் முழுப் பட்டியலும் தருகிறோம்.

23,000-ஐ அவர்கள் பிரித்துக் காட்டிய விதம்: பதிவுக்கு 3,000, தங்கல் சாப்பாட்டுக்கு 9,000, வண்டிக்கு 3,000, 'காப்பக உதவி' 8,000. கோரக்பூர் வரை ரயிலும் சுனௌலி எல்லை தாண்டி பஸ்ஸும் அவரவர் செலவு, அது கணக்கிலேயே வராது. அந்த 8,000-ஐத்தான் பார்க்க வேண்டும். அது காப்பகத்துக்குப் போகிற பணம் என்றால் காப்பகத்தின் பெயரில் ரசீது வர வேண்டும். எங்களுக்கு வந்தது தளத்தின் பெயரில்கூட இல்லை. யாரோ ஒருவருடைய சேமிப்புக் கணக்குக்குப் பணம் போன ஸ்கிரீன்ஷாட்டைத் திருப்பி அனுப்பி, "இதுதான் ரசீது, பிரதர்" என்றார்கள்.

எந்த இடத்தில் நம்பினோம் என்று யோசித்தால் இன்னும் வயிறு எரிகிறது. வீடியோ அழைப்பில் குழந்தைகளை வரிசையாக உட்கார வைத்து ஒரு கோரஸ் பாட வைத்தார்கள். பிறகு ஒருங்கிணைப்பாளர், "நாம் ஜெபித்துவிட்டு முடிவெடுப்போம்" என்று கண்ணை மூடிக்கொண்டு ஐந்து நிமிடம் ஜெபித்தார். ஆமென் சொன்ன மறு நிமிடம் வாட்ஸ்அப்பில் கணக்கு எண் வந்தது. கூடவே குழந்தைகளின் படம், பெயர், வயது, ஒவ்வொருவரின் சோகக்கதை. எவ்வளவு வெளிப்படையாக இருக்கிறார்கள் என்று மெச்சினோம். உண்மையில் ஓட வேண்டிய இடம் அதுதான். ஒழுங்காக நடக்கும் காப்பகம் பிள்ளையின் படத்தையும் கதையையும் முன்பின் தெரியாதவர்களுக்கு அனுப்பாது. பிறப்புப் பதிவு, யார் கொண்டுவந்து விட்டது, எந்தத் தேதி, குடும்பத்தோடு கடைசியாகப் பேசியது எப்போது என்று ஒவ்வொரு பிள்ளைக்கும் கோப்பு வைத்திருக்கும், ஆனால் அதை உங்களிடம் காட்டாது.

இன்னொன்று. 8 பேரிடமும் டி-ஷர்ட் அளவு கேட்டார்கள். போலீஸ் சரிபார்ப்பு யாரிடமும் கேட்கவில்லை. பிள்ளைகளோடு 14 நாள் இருக்கப் போகிறவர் யார், எப்படிப்பட்டவர் என்று விசாரிக்காத இடம் நமக்கு முன்னால் வந்தவர்களையும் விசாரித்திருக்காது. அந்தப் பிள்ளைகளுக்கு அதனால் என்ன நடந்திருக்கலாம் என்பதை நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

போய்ப் பார்த்தால் வாசலில் பலகை இல்லை. 22 இல்லை, 11 பிள்ளைகள். முன்பு வந்த குழுக்கள் கொடுத்த பள்ளிப் பைகள் உறை பிரிக்காமல் ஓர் அறையில் மூட்டையாகக் கிடந்தன. பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டால் அடுத்த குழுவுக்குக் காட்ட ஏழ்மை இருக்காதே. மூன்றாம் நாள் ஒரு பையனைப் பார்க்க அவனுடைய அம்மா வந்து நின்றார். 'அநாதை' பட்டியலில் நாலாவது பெயர் அந்தப் பையனுடையது. அதைக் கேட்டோம். மறுநாள் காலை, "ஆய்வு வருகிறது, நீங்கள் ஓட்டலில் இருங்கள், ஊர் சுற்றிப் பாருங்கள்" என்றார்கள்.

இது எங்கள் குழுவுக்கு மட்டும் நேர்ந்த துரதிர்ஷ்டமில்லை. 1996 முதல் 2006 வரை நடந்த மாவோயிஸ்ட் போரின்போது ஹும்லா போன்ற மலை மாவட்டங்களில் தரகர்கள் வீடு வீடாகப் போய், நகரத்தில் படிக்க வைக்கிறோம் என்று பெற்றோரிடம் பணம் வாங்கிக்கொண்டே பிள்ளைகளைக் கூட்டிவந்தார்கள். காகிதத்தில் அப்பா அம்மாவைச் சாகடித்து அநாதை ஆக்கினார்கள். போர் முடிந்த பிறகும் அந்தத் தொழில் முடியவில்லை, ஏனென்றால் வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் நிற்கவில்லை. நேபாளக் காப்பகங்களில் பெரும்பாலானவை காத்மாண்டு, லலித்பூர், பக்தபூர், காஸ்கி, சித்வன் மாவட்டங்களில் இருக்கின்றன. ஏழ்மை மிகுந்த மாவட்டங்கள் அல்ல இவை, சுற்றுலாப் பயணிகள் வரும் மாவட்டங்கள். பிள்ளைகள் இருப்பதால் நாம் போவதில்லை. நாம் போவதால் அங்கே பிள்ளைகள் சேர்க்கப்படுகிறார்கள். ஆஸ்திரேலியா 2018-இல் நவீன அடிமைத்தனச் சட்டம் கொண்டுவந்தபோது, காப்பகத்துக்காகப் பிள்ளைகளைக் கடத்துவதையும் அடிமைத்தனத்தின் ஒரு வடிவமாகவே எடுத்துக்கொண்டது. நேபாளத்தின் 2018 குழந்தைகள் சட்டத்திலும் உறவினர், வேறு குடும்பம் எல்லாம் முடியாதபோதுதான் காப்பகம்.

வாசலில் இறங்கியதும் நாலு பிள்ளைகள் ஓடிவந்து மடியில் ஏறிக்கொள்ளும். படம் எடுத்துச் சபையில் சாட்சி சொல்வார்கள். முன்பின் தெரியாதவர் மடியில் தயங்காமல் ஏறுவது பாசம் மட்டுமல்ல. நிலையான ஆள் கிடைக்காமல் வளர்ந்த பிள்ளைகளிடம் இது அதிகம் என்பதை ருமேனியக் காப்பகப் பிள்ளைகளை வைத்து 2000-இல் தொடங்கிய ஆய்வு உட்படப் பலவும் காட்டியிருக்கின்றன. 14 நாள் பழகி, அழ வைத்துவிட்டு வருவதும், அடுத்த வாரம் அடுத்த குழு போவதும் அந்தக் காயத்தை ஆற விடாது.

தெருப்பிள்ளைகள் ஊழியம் என்று ஒரு நாளை ஒதுக்கியிருந்தார்கள்: காத்மாண்டுவின் சுற்றுலாப் பகுதியான தமேலில் பிஸ்கட் பாக்கெட் கொடுப்பது. பாக்கெட் திரும்பக் கடைக்குப் போய்ப் பாதி விலைக்குக் காசாகும், காசு போதைக்கு முகரும் செருப்புப் பசையாகும். அந்தப் பிள்ளைகளோடு உண்மையாக வேலை செய்கிறவர்கள் அந்த ஊர்க்காரர்கள். ஒரே இடம், ஒரே நேரம், மாதக்கணக்கில். பகல் மையம், இரவுத் தங்கல், காயத்துக்கு மருந்து, பிறகுதான் வீட்டாரைத் தேடுவது. நேபாளி தெரியாத எட்டுப் பேர் ஒரு சாயங்காலத்தில் அதில் என்ன செய்ய முடியும்?

பணத்தைவிடப் பயங்கரமானது சட்டம். சுவிசேஷப் பிரதிகளும் விபிஎஸ் (விடுமுறை வேதாகமப் பள்ளி) பாடப் படங்களும் கொண்டுவரச் சொன்னார்கள். நேபாளத்தில் 2018 ஆகஸ்டில் அமலுக்கு வந்த குற்றவியல் சட்டப்படி மதம் மாற்றினால் 5 ஆண்டு வரை சிறை, 50,000 நேபாள ரூபாய் வரை அபராதம், வெளிநாட்டவர் என்றால் தண்டனை முடிந்ததும் நாடு கடத்தல். மாற்ற முயன்றாலும் குற்றம்தான். நமக்கு விசா தேவையில்லை என்பதை விளம்பரத்தில் பெரிய எழுத்தில் போட்டவர்கள் இதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

இப்போது 1,84,000 ரூபாயைத் திருப்பிக் கேட்ட கதை. முதல் வாரம்: "அக்கவுண்ட்ஸ் பிரதர் உபவாச ஜெபத்தில் இருக்கிறார்." அடுத்து: "பணம் நேபாளத்துக்குப் போய்விட்டது." போனது இந்தியாவில் உள்ள சேமிப்புக் கணக்குக்கு, நேபாளத்துக்கு எப்படிப் போனது என்று கேட்டால் பதில் இல்லை. பிறகு: "பிள்ளைகளுக்குக் கொடுத்ததைத் திருப்பிக் கேட்கலாமா சிஸ்டர்?" எங்கள் பக்கத்துச் சகோதரி ஒருவர் அழுதேவிட்டார். போலீஸ் என்றதும் 1 கொரிந்தியர் 6-ஐ அனுப்பினார்கள், விசுவாசிகள் ஒருவர்மேல் ஒருவர் வழக்காடக் கூடாதாம். அநியாயம் செய்யாதீர்கள் என்பதும் அதே அதிகாரத்தில்தானே இருக்கிறது, அதை ஏன் அனுப்பவில்லை? காணிக்கைப் பணத்தில் ஒருவரும் குற்றம் சொல்லாதபடி பவுல் எவ்வளவு கவனமாக இருந்தார் என்பது 2 கொரிந்தியர் 8-இல் இருக்கிறது, அதுவும் அவர்கள் கண்ணில் படவில்லை போலும். கடைசியில் 8 பேரையும் குரூப்பிலிருந்து நீக்கிவிட்டார்கள்.

முழுப் பட்டியல் என்றோம். இப்போது எழுத முடிவது இவ்வளவுதான்.

தனிநபர் கணக்குக்கு ஒரு ரூபாயும் போடாதீர்கள். காப்பகம் எந்த ஆண்டு, எங்கே பதிவானது என்று கேட்டு, நேபாளத்தின் தேசியக் குழந்தை உரிமைகள் கவுன்சிலில் விசாரியுங்கள். கடந்த ஆண்டு எத்தனை பிள்ளைகள் குடும்பத்தோடு சேர்க்கப்பட்டார்கள் என்று கேளுங்கள், பதில் சுழியம் என்றால் அங்கே போகாதீர்கள். பிள்ளைகளைத் தொட்டுப் பழகும் வேலை உங்களுக்கு வேண்டவே வேண்டாம், ஊழியர்களுக்குப் பயிற்சி, கட்டட வேலை, கணக்கு என்றால் யோசிக்கலாம். பணம் போய்விட்டால் அதே நாளில் இந்தியாவின் சைபர் மோசடி உதவி எண் 1930-க்கு அழையுங்கள், நாங்கள் அவர்கள் மனந்திரும்புவார்கள் என்று மூன்று வாரம் காத்திருந்தோம். அங்கே இருக்கும்போது பிள்ளைக்கு ஆபத்து என்று பட்டால் குழந்தைகள் உதவி எண் 1098, இரண்டு நாட்டிலும் அதே எண்தான்.

மீதியைப் பிறகு எழுதுகிறோம். நாலு மணிக்கு வங்கியில் பரிவர்த்தனை விவரங்களோடு வரச் சொல்லியிருக்கிறார்கள், 8 பேருடையதையும் பிரிண்ட் எடுக்க வேண்டும்.