கரடிப்போக்குச் சந்தி மொழிபெயர்ப்புக் கடை: வெளிநாட்டுக் கடிதத்தோடு அலைபவர்களுக்கு

கிளிநொச்சி கரடிப்போக்குச் சந்திக்குக் கிட்ட உள்ள சின்னக் கடை இது. ஜேர்மன் கடிதங்களைத் தமிழாக்கித் தருகிறார்கள். நடத்துபவர் ஜேர்மனியில் நீண்டகாலம் இருந்துவிட்டுத் திரும்பிய அக்கா ஒருவர்.

என் தம்பி நெதர்லாந்துக் குடியுரிமை எடுத்தவன். வேலைக்காக ஜேர்மனிக்குப் போய்ப் பத்து வருடத்துக்கு மேலாகிறது. அங்கே ஒரு அடிதடி வழக்கில் தண்டனை பெற்றான். அப்புறம் வெளிநாட்டவர் அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. கட்டுநாயக்கா விமான நிலையத்தில் கொண்டுவந்து இறக்கிவிடுவார்கள் என்று அம்மா சாப்பாட்டையே விட்டுவிட்டார். முதலில் போன ஒரு முகவர் கடிதத்தைப் படிக்காமலே "எல்லாரையும் அனுப்புறாங்கள்" என்று சொல்லி முற்பணம் கேட்டார்.

இந்த அக்கா முதலில் கேட்டது, எந்த நாட்டுப் பாஸ்போர்ட், எத்தனை வருடம் அங்கே என்பதைத்தான். நெதர்லாந்துக் குடிமகன் ஐரோப்பிய ஒன்றியத்தின் குடிமகனும்தான். 1993இல் நடைமுறைக்கு வந்த மாஸ்ட்ரிக்ட் ஒப்பந்தம் கொடுத்த உரிமை அது. ஜேர்மனி வெளியேற்றினாலும் அவன் போவது நெதர்லாந்துக்கு, இலங்கைக்கு இல்லை. அம்மா இதைத் திரும்பத் திரும்பச் சொல்லச் சொல்லிக் கேட்டார்.

2004ஆம் ஆண்டின் ஒன்றியச் சட்டப்படி, பழைய தண்டனை மட்டும் காரணமாகாது. அந்த ஆள் இப்போதும் பாரதூரமான ஆபத்தா என்று பார்க்கவேண்டும். ஐந்து வருடம் சட்டப்படி இருந்தவருக்குப் பாதுகாப்புக் கூடும். பத்து வருடம் இருந்தவரைப் பொதுப் பாதுகாப்புக்கான மிகக் கட்டாயமான காரணம் இருந்தால்தான் வெளியேற்றலாம். அக்கா பொய் நம்பிக்கையும் தரவில்லை: சிறையில் இருந்த காலம் அந்தப் பத்து வருடத் தொடர்ச்சியை முறிக்கலாம் என்று ஒன்றிய நீதிமன்றம் 2014இல் தீர்ப்பளித்ததையும் சொன்னார்.

தண்டனையை அனுபவித்தவனை மனைவி பிள்ளைகளிடமிருந்து பிரிக்க முன் இவ்வளவையும் பார் என்று சட்டம் சொல்வது எனக்கு நியாயமாகவே படுகிறது. சுவிஸில் இருக்கும் சித்தியின் மகனிடம் இலங்கைப் பாஸ்போர்ட்தான். அங்கே 2016 ஒக்டோபரிலிருந்து, பட்டியலில் உள்ள குற்றமொன்றுக்குத் தண்டனை பெற்றால் 5 முதல் 15 வருடம் வெளியேற்றம். கடும் இன்னல் போன்ற சில விலக்குகள்தான் உண்டு. ஒரே வளவில் வளர்ந்த இருவருக்கு இவ்வளவு வித்தியாசம் என்பது மனதை உறுத்துகிறது.

தம்பிக்கு வந்தது வெளியேற்ற உத்தரவும் இல்லை; முடிவெடுக்க முன் அவன் பக்கத்தைக் கேட்கும் கடிதம். வேலை ஒப்பந்தம், பிள்ளைகளின் பள்ளிக்கூடக் கடிதம் எல்லாம் சேர்த்துக் கெடுவுக்குள் அங்குள்ள வழக்கறிஞரிடம் கொடுக்கச் சொன்னார். தான் வழக்கறிஞர் இல்லை என்பதையும் மறைக்கவில்லை. விடயம் இன்னும் முடியவில்லை. ஆனால் செய்யவேண்டியது எது என்று தெரிகிறது.

குறை ஒன்று உண்டு. மேசையில் மற்றவர்களின் கடிதங்கள் விரிந்தபடி கிடக்கின்றன. வழக்குக் கடிதத்தை நாலு பேர் பார்க்கும்படி வைப்பது சரியில்லை, அவரிடமே சொன்னேன்.

போகிறவர்கள், கடிதம் வந்தவரிடம் அதன் எல்லாப் பக்கங்களையும், உறையையும் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். கெடு எப்போது முடிகிறது என்றுதான் அவர் முதலில் தேடுவார்.