நீல முத்திரையா, முழு விவரமா?

பொறுப்போடுதான் மீன் வாங்குகிறோம் என்று ஓர் உணவு நிறுவனம் சொன்னால், அதைக் காட்ட இரண்டு வழி உண்டு.

ஒன்று எம்எஸ்சி (Marine Stewardship Council) என்ற அமைப்பின் நீல முத்திரை. 1997-இல் தொடங்கியது அது. மீன்வளம் வற்றாமல் இருக்கிறதா, மற்ற கடல் உயிர்களுக்கு என்ன சேதம், நிர்வாகம் ஒழுங்கா என்று வெளியார் தணிக்கை செய்கிறார்கள். சான்று பெற்ற மீன் வழியில் மற்றதோடு கலக்கக் கூடாது. செலவுதான் இடிக்கும், சிறு படகுக்காரர்களுக்கு எட்டுவது கடினம். வளர்ப்பு மீனுக்கு இது கிடையாது, அதற்கு ஏஎஸ்சி என்ற தனி முத்திரை.

மற்றொன்று, விவரத்தை அப்படியே அச்சடிப்பது. வெறும் 'டூனா' என்றால் எந்த இனம் என்றே தெரியாது. 'வரிச்சூரை, காட்சுவோனஸ் பெலாமிஸ், தூண்டிலில் பிடித்தது, எஃப்ஏஓ பகுதி 71' என்று போட்டால் இனம் (அறிவியல் பெயரோடு), முறை, ஐ.நா. உணவு வேளாண் அமைப்பான எஃப்ஏஓ 71 என்று எண்ணிட்ட மேற்கு மத்திய பசிபிக் என்ற இடம் எல்லாம் வந்துவிடும். ஐரோப்பிய ஒன்றியத்தின் 1379/2013 விதிமுறை இப்படிப்பட்ட விவரங்களைக் கட்டாயமாக்கியது. (வேடிக்கை, டப்பா டூனா அதில் அடங்காது!) குறை என்னவென்றால், விற்பவரே சாட்சி.

ஒரே படகிடம் வாங்கும் சிறு உணவகத்துக்கு விவரச் சீட்டே போதும் என்பேன். பல கை மாறி வரும் உறைமீனுக்கு முத்திரை இல்லாமல் நம்ப மாட்டேன்.