செங்கோட்டை எல்லையில் 181, மகளிர் காவல், சகி மையம்: எது உதவுகிறது?

கணவன் வீடு கேரளத்தின் புனலூர், தாய் வீடு தமிழ்நாட்டின் செங்கோட்டை. அடி வாங்கிய பெண் மலை இறங்கி வந்தால் பல காவல் நிலையங்களில் கிடைக்கும் முதல் பதில், "அங்கேயே போய்க் கொடும்மா." இது தப்பு. 2005 குடும்ப வன்முறைச் சட்டத்தின் 27ஆம் பிரிவுப்படி, தற்காலிகமாகத் தங்கியிருக்கும் ஊரின் மாஜிஸ்திரேட்டிடமே மனுப்போடலாம். எஃப்.ஐ.ஆர். வேண்டுமென்றால் ஜீரோ எஃப்.ஐ.ஆர். உண்டு; சம்பவம் எங்கே நடந்திருந்தாலும் எந்தக் காவல் நிலையத்திலும் பதியலாம்.

பெண்கள் உதவி எண் 181-ஐ எந்நேரமும் எடுக்கிறார்கள், கட்டணமில்லை. எல்லையில் டவர் மாறும். அதனால் ஊர், மாவட்டத்தை முதலிலேயே சொல்லிவிடுங்கள். வன்முறைக்கு ஆளான பெண்களுக்கான அரசின் சகி மையத்தில் தற்காலிகத் தங்கல், மருத்துவம், சட்ட உதவி ஒரே கூரையில் உண்டு. தங்குவது சில நாள்தான்.

மகளிர் காவல் நிலையத்தின் பலவீனம், புகாரைப் பதியாமல் 'சமாதானம்' பேசி அனுப்புவது. புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீதைக் கையில் வாங்காமல் எழுந்து வரக்கூடாது. காயமிருந்தால் அரசு மருத்துவமனையில் "புருஷன் அடித்தார்" என்றே பதியச் சொல்லுங்கள். "வழுக்கி விழுந்தேன்" என்ற ஒரு வரி வழக்கையே கெடுக்கும்.

அதிகம் உதவுபவர், இந்தச் சட்டத்தின் கீழ் அரசு நியமிக்கும் பாதுகாப்பு அலுவலர். நடந்த வன்முறையை மாஜிஸ்திரேட்டுக்குச் சொல்லும் குடும்ப நிகழ்வு அறிக்கையைக் காசில்லாமல் எழுதித் தருவார். முதல் விசாரணை 3 நாளில், முடிவு 60 நாளில் என்கிறது சட்டம். அந்த 60 நாள் பெரும்பாலும் ஏட்டளவில்தான். மாஜிஸ்திரேட்டின் பாதுகாப்பு உத்தரவு கிடைத்துவிட்டால், எல்லையில் உள்ள ஆரியங்காவு தாண்டிக் கேரளத்திலும் செல்லும். மீறினால் ஓராண்டு வரை சிறை.